தெற்கே போன மூட்டை

கூலாய்க்கு மேற்கே, சுங்கை மேரா தோட்டத்தின் மூன்றாம் லயத்தில் பத்து வீடுகள். வரிசை வடக்கே புகைக்கூடத்துக்கு எதிரில் தொடங்கி, தெற்கே சடக்குச் சாலை வளையும் மூலையில் முடியும். ஒன்பதாவது வீடு அங்கம்மாவுடையது. பத்தாவது, கடைசி வீடு, கிருஷ்ணம்மாவுடையது. நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அதில் விரல் நுழைகிற மாதிரி ஏழெட்டு இடுக்குகள். இரண்டு வருஷமாக இந்த இரண்டு பெண்களுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

பேச்சு இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தமில்லை. கிருஷ்ணம்மா தன் துடைப்பத்தோடு பேசுவாள். அங்கம்மா தன் சட்டியோடு பேசுவாள்.

"ஏ தொடப்பமே, சில பேரு வீட்டுல கருவாடு தீயுது. மூக்குன்னு ஒண்ணு இருக்கோ இல்லையோ!" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

அங்கம்மா ஓடிப்போய்ச் சட்டியை இறக்கிவிட்டு, "ஏ சட்டியே, என் கருவாடு, என் நெருப்பு. நான் தீய விடுவேன், கரியாக்கித் திம்பேன். யாருக்கு என்ன?" என்பாள். கருவாடு என்னவோ பிழைத்துவிடும்.

எல்லாம் ஒரு கோழியால் வந்தது. மலாய்க்காரர் குடியிருக்கும் கம்பத்திலிருந்து அங்கம்மா ஒரு புள்ளிக்கோழிக் குஞ்சு வாங்கி வந்து, குருணை போட்டு வளர்த்தாள். அது பருவத்துக்கு வந்ததும் சுவருக்கு அடியிலிருந்த பள்ளத்தின் வழியே கிருஷ்ணம்மாவின் விறகுக் குவியலுக்குப் போய் முட்டையிட்டது. பிறகு திரும்பி வரவேயில்லை. பிடித்துக்கொண்டு வந்து கூடையால் கவிழ்த்து வைத்தால் திறந்த மாத்திரத்தில் தெற்கே ஓடியது. வாங்கினவளுக்குத்தான் கோழி என்றாள் அங்கம்மா. அது அடைகிற வீட்டுக்குத்தான் கோழி என்றாள் கிருஷ்ணம்மா. கங்காணி தங்கராஜு நடுவில் வந்து, கோழியைச் சமைத்து இரண்டு வீட்டுக்கும் பங்கு வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். அவர்கள் ஒன்றுபட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்தக் கார்த்திகையில் அங்கம்மாவின் வீட்டில் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். ரப்பர் விலை தரையோடு விழுந்து, மறுபடி முழங்காலூன்றி எழுந்துகொண்டிருந்த வருஷம் அது. அவள் புருஷன் ஐயாசாமி பதினோரு வருஷமாகப் புகைக்கூடத்தில் வேலை பார்த்தவன். ரப்பர் ஷீட்டுகளைக் கழியில் தொங்கவிட்டு, கீழே விறகை மூட்டி, புகை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷீட்டு நன்றாகவே காய்ந்தது. கூடவே அவன் நெஞ்சும் காய்ந்தது. விடியற்காலையில் அவன் இருமினால் முதல் வீட்டு தனலெட்சுமி எழுந்து அடுப்புப் பற்றவைப்பாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் அவன் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு மழைக்காலம் அந்தக் கூடத்துக்குள்ள நின்னீன்னா, அப்புறம் எங்கிட்ட வராதே. கோயில் பண்டாரத்துக்கிட்ட போ" என்று சொல்லியிருந்தார்.

அதிலிருந்து அங்கம்மாவுக்குத் தூக்கமில்லை. ஜொகூர் பாருவில் கறிக்கடை வைத்திருந்த தூரத்து உறவுக்காரன் ஒருவனுக்கு ஆள்மேல் ஆளாகச் சொல்லியனுப்பி, கடைசியில் ஊர்க் குழாய் வேலையில் ஓர் இடம் கிடைத்தது. மண் வெட்டிக் குழாய் பதிக்கிற கூட்டத்தில் ஓராள். திறந்தவெளி வேலை. குடியிருக்க ஓர் அறையும் உண்டு. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து நிற்க வேண்டும், தவறினால் அடுத்த ஆளை எடுத்துக்கொள்வோம் என்று இங்கிலீஷில் அச்சடித்த கடிதம் வந்துவிட்டது. தோட்டத்து ரப்பர் லாரி வியாழக்கிழமைதோறும் ஜொகூர் பாரு போகும். சாமானோடு ஏறிக்கொள்ள துரை தலையாட்டிவிட்டார். எல்லாம் கூடி வந்ததே என்று அங்கம்மா சனிக்கிழமை சாயங்காலம் பண்டாரத்திடம் போய் நாள் கேட்டாள்.

பண்டாரம் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"வியாழக்கெழம தெக்க சூலமாச்சே தாயி. அந்தப் பக்கம் பயணம் ஆகாதே."

அங்கம்மாவுக்குப் பழைய பயணம் ஞாபகம் வந்தது. பொந்தியான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தபோது நாள் பார்க்கவில்லை. வந்த மூன்றாம் நாள் இரண்டு பேருக்கும் குளிர்க்காய்ச்சல். ஆறு மாதம் கொய்னா மருந்து குடித்துக் குடித்துக் காது இரைந்தது. அதே காய்ச்சல்தான் ஐயாசாமியைப் பால் வெட்டுக்கு லாயக்கில்லாதவனாக்கிப் புகைக்கூடத்துக்குள் தள்ளியது. அவள் கணக்கில் அந்த இருமலுக்கு வேர் புகையில் இல்லை, நாள் பார்க்காமல் கிளம்பியதில் இருந்தது.

"வேற நாளு போலாம்னா லாரி கெடையாது சாமி. வெள்ளிக்கெழம ஏழு மணிக்கு அங்க நிக்கணும்."

"வியாழக்கெழம சூலத்துக்கு எண்ணெய் பரிகாரம். தலையில ரெண்டு சொட்டு வச்சுக்கிட்டுக் கெளம்பலாம்."

"அப்பாடா" என்று எழுந்தான் கூட வந்திருந்த ஐயாசாமி. "வா, எண்ணெய் இருக்குது."

"ஒக்காருங்க" என்றாள் அங்கம்மா. "சாமி, ரெண்டு சொட்டு எண்ணெயில போற விசயமா இது? கெட்டியா ஏதாச்சும் சொல்லுங்க."

கெட்டியாகக் கேட்டால் பண்டாரத்திடமும் கெட்டியாக இருந்தது. "அப்பப் பரஸ்தானம் வச்சுரு. திங்கக்கெழம ஒம்பதுக்கு மேல பத்தரைக்குள்ள நல்ல நேரம். உன் புருசன் உடுத்துற துணி, கொஞ்சம் பித்தளை, இரும்பு, அரிசி, மஞ்சள். கெளம்புறவங்க சொந்தப் பொருளா இருக்கணும், எரவல் செல்லாது. மூட்டையாக் கட்டிப் போற தெசையில இருக்கற ஒரு வீட்டுல வச்சுட்டு வா. வச்ச அந்த நேரமே நீங்க கெளம்புனதாக் கணக்கு. அப்புறம் வியாழக்கெழம ஒடம்பு மட்டும் போனாப் போதும். சூலம் யாரைக் குத்தும்? நீங்கதான் ஏற்கெனவே போயிட்டீங்களே!"

இந்த ஏற்பாடு அங்கம்மாவுக்குப் பிடித்திருந்தது.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. வச்ச பொருள் திரும்பி வரக்கூடாது. உன் வாசலைத் தாண்டி ஒரு நூல் வடக்க வந்தாலும் பயணம் முறிஞ்சுது. ஏழு நாளுக்கு மேல அங்க கெடக்கவும் கூடாது. அதுக்குள்ள போயி எடுத்துரணும்."

திரும்பி வரும் வழியில் ஐயாசாமிதான் கேட்டான். "ஏன் அங்கம்மா, நம்ம வீட்டுக்குத் தெக்க யாரு வீடு இருக்கு?"

அங்கம்மா நின்றுவிட்டாள். தெற்கே கிருஷ்ணம்மா வீடு. அதற்குத் தெற்கே சடக்கு. சடக்குக்குத் தெற்கே ரப்பர் மரங்கள், மரங்கள், அதன் பிறகு சதுப்பு.

"சதுப்புல வச்சுரலாமா?" என்றான் ஐயாசாமி. அவள் பார்த்த பார்வையில் அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

திங்கட்கிழமை விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் மரத்தில் கத்தி வைக்க முடியாது. பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன சனமெல்லாம் திரும்பி வந்து, சாக்கைத் தலையில் போட்டபடி வாசலுக்கு வாசல் குந்திக்கொண்டு, வேடிக்கை பார்க்க எதுவுமில்லையே என்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்பதே கால் மணிக்கு அவர்களுக்கு வேடிக்கை வந்தது. அங்கம்மா மஞ்சள் துணியில் கட்டிய மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் ஐயாசாமி ஒரு தாழங்குடையோடு வந்தான். வந்தவர்கள் தெற்கே திரும்பினார்கள்.

"அடியாத்தி!" என்றாள் தனலெட்சுமி. எட்டு வீட்டுச் சனமும் ஒரே சமயத்தில் கழுத்தை நீட்டியது.

கிருஷ்ணம்மா வாசலில் மரவள்ளிக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். புருஷன் செத்து எட்டு வருஷம், பிள்ளை குட்டி கிடையாது. புல்வெட்டுக் கூட்டத்தில் அவள் வேகத்துக்கு ஆம்பிளைகள் ஈடு கொடுப்பதில்லை. அவள் பக்கத்தில் புள்ளிக்கோழி ஒற்றைக் காலில் நின்று மழையை வெறுத்துக்கொண்டிருந்தது.

அங்கம்மா கோழியைப் பார்த்துத் தொடங்கினாள். "ஏ கோழியே, ஒரு மூட்டைய மூணு நாளைக்கு வைக்க எடம் கெடைக்குமான்னு கேளு."

கிருஷ்ணம்மா கிழங்கைப் பார்த்துச் சொன்னாள். "ஏ கெழங்கே, என்ன மூட்டை, எதுக்கு மூட்டைன்னு தெரியாம யாரு வீட்டுல யாரு வைக்கிறது?"

"கோழியே, பரஸ்தானம்னு சொல்லு. வியாழக்கெழம தெக்க சூலம்னு சொல்லு."

"கெழங்கே, தெக்க போறவங்களுக்கு வேற வீடு இல்லியாமா? இத்தனை நாளும் இந்த வீடு வீடாத் தெரியலையாமா?"

ஐயாசாமி இரண்டு பேருக்கும் நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். குடையின் மூன்று ஓட்டை வழியாகவும் அவன் மேல்தான் ஒழுகியது. "அக்கா, பத்தரைக்குள்ள வைக்கணுமாம்" என்றான்.

"தம்பி, நீ சும்மா இரு" என்றாள் கிருஷ்ணம்மா. கிழங்கைக் கீழே வைத்தாள். "கெழங்குக்கு ஒண்ணும் புரியல. கேக்கறவங்க வாயால என் மொகத்தைப் பாத்துக் கேட்டா, வைக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கலாம்."

எட்டு வாசலும் மூச்சை அடக்கியது. மழைகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி அங்கம்மாவுக்குத் தோன்றியது. பக்கத்தில் ஐயாசாமி இருமலை அடக்கிக்கொண்டிருந்தான். அடக்குகிற இருமலுக்கு அவன் தோள் குலுங்குவதை அவள் பார்த்தாள்.

"அக்கா" என்றாள். இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்த அந்தச் சொல் கொஞ்சம் கிறீச்சிட்டுத்தான் வந்தது. "இந்த மூட்டைய உங்க வீட்டுல வச்சுக்கிறீங்களா?"

கிருஷ்ணம்மா எழுந்து, புடவையில் கையைத் துடைத்து, மூட்டையை வாங்கினாள். வாங்கியவள் முடிச்சைத் திருப்பிப் பார்த்தாள். "இப்படியா கட்டுறது? ஒரு குலுக்கு குலுக்குனா அரிசி பூரா வெளிய வந்துரும்" என்று அவிழ்த்துத் தானே இறுக்கிக் கட்டி, உள்ளே ஒரு பலகையைத் துடைத்துப் போட்டு, அதன்மேல் வைத்து, சிட்டிகை மஞ்சளைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தாள். பிறகு வாசலுக்கு வந்து உட்கார்ந்து கிழங்கை எடுத்தாள்.

"ஏ கெழங்கே" என்றாள். "மூட்டைக்குத்தான் எடம். பேச்சு வார்த்தைக்கு இல்லன்னு சொல்லிரு."

செவ்வாய்க்கிழமை முழுக்கச் சாமான் கட்டினார்கள். வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம் விசாரிக்க வந்தார்கள். விசாரிக்கிற வாய் ஐயாசாமியின் நெஞ்சைப் பற்றிக் கேட்டது. கண் மட்டும் எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று மூலைமூலையாகத் தேடியது. தனலெட்சுமி ஒரு மணி நேரம் அழுதுவிட்டு, முக்காலியையும் கறிவேப்பிலைக் கன்றையும் எடுத்துக்கொண்டு போனாள். அம்மியைக் கொண்டுபோவதா வேண்டாமா என்று ஒரு சண்டை நடந்தது.

"ஜொகூருல கல்லே கெடையாதா? சிங்கப்பூருக்குக் கடலுக்குள்ளயே கல்லைக் கொட்டிப் பாதை போட்டிருக்கான்" என்றான் ஐயாசாமி.

"அதுல மொளகா அரைக்க விடுவானா?" என்றாள் அங்கம்மா. அம்மி சாக்குக்குள் போனது.

மத்தியானம் கீரை கடைய மத்தைத் தேடினாள். கிடைத்தது. குழம்பைக் கிண்டக் கரண்டியைத் தேடினாள். கிடைக்கவில்லை. அப்போதுதான் இரும்புக்காக ஒரே கரண்டியை மூட்டையில் கட்டியது நினைவுக்கு வந்தது. தண்ணீர் மொள்ளும் பித்தளைச் சொம்பும் அதற்குள்தான். உடம்பு தேய்க்கிற மஞ்சளும் அதற்குள்தான். ஐயாசாமியின் ஒரே நல்ல உடுப்பான கறுப்புக் கோட்டும் அதற்குள்தான். விறகுக் குச்சியால் குழம்பைக் கிண்டி, சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடித்தார்கள்.

"நாமதான் நேத்தே ஜொகூரு போயிட்டோமே" என்றான் ஐயாசாமி, குழம்பிலிருந்து ஒரு சிராயை எடுத்துப் போட்டபடி. "இங்க ஒக்காந்து திங்கறது யாருன்னுதான் தெரியல."

புதன்கிழமை காலையில் அவன் பெயர் வெட்டிக்கொள்ள ஆபீசுக்குப் போனான். பெயர் வெட்டி டிஸ்சார்ஜ் சீட்டு வாங்காமல் போனால் வேறெங்கும் வேலைக்குச் சேர்க்கமாட்டார்கள். அரை மணியில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கத் திரும்பி வந்தான்.

"அந்தக் கடுதாசி எங்க? அதைக் காட்டுனாத்தான் பேர் வெட்டுவாராம் கிராணி. வேற வேலை கெடைச்சதுக்கு ருசு இல்லாம யாரையும் விடக்கூடாதுன்னு துரை உத்தரவாம். பன்னண்டு மணிக்கு ஆபீசு மூடிருவாரு, நாளைக்கு அவருக்கு லீவு."

"கடுதாசியை எங்க வச்சீங்க?"

"பத்திரமா இருக்கட்டும்னு கோட்டுப் பைக்குள்ள..."

இருவரும் தெற்குச் சுவரைப் பார்த்தார்கள்.

அங்கம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆபீஸ் இருப்பது வடக்கே, புகைக்கூடத்துக்கும் அப்பால். கடிதம் அங்கே போக வேண்டுமானால் இந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். போனால் பயணம் முறியும். போகாவிட்டால் சீட்டு இல்லை, வேலை இல்லை, வெள்ளிக்கிழமை இல்லை. புகைக்கூடம் மட்டும் எப்போதும் போல இருக்கும். மணி பத்தாகியிருந்தது.

கொஞ்ச நேரம் யோசித்து அவள் ஒரு சமாதானத்துக்கு வந்தாள். காகிதம் துணியல்ல, பித்தளையல்ல, அரிசியல்ல. பண்டாரம் காகிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து பத்தாம் வீட்டுக்குப் போனாள். இப்போது கோழியைத் தேட நேரமில்லை.

"அக்கா, மூட்டையிலேருந்து ஒரு கடுதாசி மட்டும் எடுத்துக்கறேன். அரை மணியில திரும்ப வச்சுர்றேன்."

கிருஷ்ணம்மா விவரத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டு நிலைக்காலில் குறுக்கே கையை வைத்தாள். "முடியாது."

"காயிதந்தானே அக்கா!"

"மூட்டைக்குள்ள இருந்துச்சா இல்லையா? என் பலகை மேல, என் மஞ்சள் தண்ணியில, பரஸ்தானம்னு வச்சாச்சு. பண்டாரம் சொன்ன சட்டமெல்லாம் எனக்கும் சுவரு வழியாக் கேட்டுச்சு. ஒரு நூல் வடக்க போகாது."

"பண்டாரம்..."

"பண்டாரம் கெடக்கறாரு. ராத்திரி பூரா அந்தத் தம்பி இருமுறது உனக்கு மட்டுந்தான் கேக்குதா? சுவத்துல எத்தனை ஓட்டை இருக்குன்னு தெரியுமா? நெஞ்சு ஆறணும்னு வச்ச மூட்டை இது. நீ கொண்டுபோயி முறிச்சுட்டு வருவ, அப்புறம் அங்க போயி அவனுக்கு ஒண்ணுன்னா, கிருஷ்ணம்மா வீட்டுல வச்சோம், அதான் வெளங்கலன்னு ஊரு பூரா சொல்லுவ. எனக்கு எதுக்கு அந்தப் பேரு?"

தன்னைவிடக் கறாரான ஒருத்தியை அங்கம்மா இதுவரை பார்த்ததில்லை.

"அப்ப என்ன செய்றது?" என்றாள், சின்னக் குரலில்.

"கடுதாசி வடக்க போகக்கூடாது. அவ்வளவுதானே? கிராணி தெக்க வரலாமில்ல?"

இதைக் கேட்டு ஐயாசாமிக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, திண்டாடிப் போனான். கிராணியார் சதாசிவம் யாழ்ப்பாணத்துக்காரர். ஒன்பது வருஷமாகக் கணக்குப் புத்தகத்தில் மூன்றாம் லயம் என்று எழுதுகிறாரே தவிர, அதை நேரில் கண்டதில்லை. சப்பாத்தில் சேறு படும் இடங்களுக்கு அவர் போவதில்லை. கிருஷ்ணம்மா ஒரு காலிக் கூடையை எடுத்துக்கொண்டு வடக்கே நடந்தாள்.

மணி பதினொன்று. பதினொன்றரை. அங்கம்மா பத்தாம் வீட்டு வாசலில் நின்று வடக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றேமுக்காலுக்கு மரங்களுக்கு நடுவே ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. அதன் கீழே வெள்ளைக் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு கிராணியார் வந்தார். அக்குளில் பேரேடு, ஒரு கையில் மைக்கூடு. முன்னால் கிருஷ்ணம்மா, மாடு ஓட்டி வருகிறவள் மாதிரி. வாசல் வாசலாகச் சனம் எழுந்து நின்றது.

"நான் இஞ்ச வடிகால் பாக்க வந்தனான்" என்று கிராணியார் பொதுவாக எல்லோருக்கும் அறிவித்தார். வடிகாலை ஒரு தடவை பார்க்கவும் செய்தார். "வந்த இடத்தில இந்தக் கடிதத்தையும் பாக்கிறன். அவ்வளவுதான். எங்க அது?"

கிருஷ்ணம்மா மூட்டையை அவிழ்த்து, கோட்டை எடுத்து, பையிலிருந்து கடிதத்தை நீட்டினாள். கிராணியார் கண்ணாடியை ஏற்றி வாசித்தார்.

"சரியாத்தான் இருக்கு. இதை ஆபீசுக்குக் கொண்டு வந்தா என்ன? நூறு கஜத் தூரம் நடக்க இதுக்குக் கால் வலிக்குமோ?"

"இன்னிக்கு வடக்க சூலமுங்க" என்றாள் கிருஷ்ணம்மா.

"விசர்க் கதை" என்றார் கிராணியார். ஆனாலும் உட்கார இடம் தேடினார். மேசை இல்லாததால் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டார்கள். அதன்மேல் பேரேட்டை விரித்து, ஐயாசாமி, அங்கம்மா என்ற இரண்டு பெயர்கள் மீதும் கோடு இழுத்து, சீட்டை எழுதிக் கையெழுத்தும் போட்டார். போட்டு முடிந்ததும் எழுந்துவிடவில்லை. தொண்டையைச் செருமினார்.

"இனிக் காலமைக்கு ஒழுங்கா வருமோ?"

"வரும்" என்றாள் கிருஷ்ணம்மா. விறகுக் குவியலுக்குள் கையை விட்டு இரண்டு முட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். அவர் அவற்றைக் கோட்டின் இரண்டு பைகளிலும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு, கையை அகட்டியபடி மெதுவாக வடக்கே நடந்தார்.

அங்கம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "என் கோழி முட்டை பூராவும் கிராணிக்கா போச்சு? ரெண்டு வருசமா?"

"அரை அவியல் முட்டை ரெண்டு இல்லாம அவருக்குப் பேனா ஓடாது. இனிமே கெடைக்காதுன்னு கூடையைக் காட்டுனேன், வந்துட்டாரு. அப்புறம், அது உன் கோழி இல்ல" என்றாள் கிருஷ்ணம்மா. சீட்டையும் கடிதத்தையும் மடித்து ஐயாசாமியின் கோட்டுப் பைக்குள் வைத்து, மூட்டையைக் கட்டி, மறுபடி பலகைமேல் வைத்தாள்.

வியாழக்கிழமை மழை இல்லை. வெட்டு முடிந்து சனம் லயத்துக்குத் திரும்பிய பிறகு, ரப்பர் ஏற்றிய லாரி வடக்கிலிருந்து இறங்கி வந்து லயத்தின் தெற்கு மூலையில் நின்றது. லாரிக்காரர் உதுமான் ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள். சாமானைப் பார்த்ததும், "அலமாக்! என்னலா இது, அம்மியெல்லாமா?" என்றார். "வண்டி ஜொகூரு போகணுமா வேணாமா?"

அம்மி, டின்கள், பாய், அரிவாள் எல்லாம் ஷீட்டுக் கட்டுகளுக்கு இடையில் போயின. அங்கம்மா தன் வீட்டைப் பெருக்கிவிட்டு வெளியே வந்தாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பார்க்கவில்லை. நேரே பத்தாம் வீட்டுக்குப் போனாள். அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். கிருஷ்ணம்மா ஒரு கிண்ணத்தோடு நின்றிருந்தாள். ஐயாசாமியைக் குனியச் சொல்லி, உச்சந்தலையில் இரண்டு சொட்டு எண்ணெயை வைத்துத் தேய்த்தாள்.

"பரஸ்தானந்தான் வச்சாச்சே அக்கா" என்றான் அவன்.

"இருக்கட்டும். எண்ணெய் ஒண்ணும் குத்தாது."

மூட்டையை எடுத்து அங்கம்மாவின் கையில் கொடுத்தாள். ஒரு பொட்டலம் புளிச்சோறும் கொடுத்தாள். எட்டு வீட்டுச் சனமும் சுற்றி நின்றது. அங்கம்மா எதையோ சொல்ல வாயெடுத்தாள். துடைப்பமோ சட்டியோ பக்கத்தில் இல்லாததால் எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. லாரியில் ஏறி உட்கார்ந்தாள்.

"இரு" என்று கிருஷ்ணம்மா உள்ளே ஓடினாள். வாயில் துணி கட்டிய ஒரு மூங்கில் கூடையோடு வந்து அதை லாரிக்குள் நீட்டினாள்.

"என்னக்கா இது?"

"பரஸ்தானம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். நான் மட்டும் ஜொகூரைப் பாக்கக் கூடாதா? எனக்குத் தெக்க வீடே கெடையாது. ஒன் புது வீடுதான் இருக்கு. அங்க கொண்டுபோயி வையி. ஏழு நாளுக்கு மேல கெடக்கக்கூடாதுல்ல? அடுத்த வியாழக்கெழம இதே லாரியில வந்துருவேன். உதுமான் அண்ணன்கிட்டச் சொல்லியாச்சு."

கூடை கொக்கரித்தது. துணியின் விளிம்பு வழியாக ஒரு புள்ளிக் கழுத்து வெளியே நீண்டு அங்கம்மாவை ஒரு கண்ணால் பார்த்தது.

"கோழியா!" என்றாள் அங்கம்மா. "இது எங்..."

"பொறு" என்றாள் கிருஷ்ணம்மா. இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "பரஸ்தானத்துல வைக்கிறது கெளம்புறவளோட சொந்தப் பொருளா இருக்கணும். எரவல் செல்லாது. பண்டாரம் சொன்னாரா இல்லையா? இப்பச் சொல்லு. எல்லாரும் கேக்கறாங்க. யாரு கோழி?"

தனலெட்சுமி கறிவேப்பிலைக் கன்றை மறந்துவிட்டு முன்னால் வந்தாள். கங்காணி தங்கராஜு வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். உதுமான் எஞ்சினை மெதுவாக்கினார். அங்கம்மா கோழியைப் பார்த்தாள். அதைக் குஞ்சாக மடியில் கட்டிக்கொண்டு கம்பத்திலிருந்து நடந்து வந்தது நினைவிருந்தது. குருணை போட்டது நினைவிருந்தது. தன்னுடையது என்று சொன்னால், கிருஷ்ணம்மாவின் பயணம் செல்லாது.

"உன் கோழிதான்க்கா" என்றாள். "மேல வை. கால் மாட்டிக்கப் போவுது."

கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். லாரி நகர்ந்தது. ஐயாசாமி தலையை வெளியே நீட்டி, "அக்கா! கிராணிக்கு முட்டை?" என்று கத்தினான்.

"வடிகாலைப் பாக்கட்டும்!" என்று சத்தம் வந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிருஷ்ணம்மா லாரியின் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி வந்தாள். "ஏ அங்கம்மா! முட்டை போட்டா எண்ணி வையி! வந்து கேப்பேன்!"

சடக்கு வளைந்தது. லயம் மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. ஷீட்டுக் கட்டுகளிலிருந்து புகை வாசனை வந்துகொண்டிருந்தது. ஐயாசாமி காற்று வரும் பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டான். கூலாய் தாண்டும் வரை மூன்று முறை இருமினான். அதன் பிறகு தூங்கிவிட்டான். அங்கம்மா மூட்டையை மடியிலும் கூடையைக் காலுக்கு நடுவிலும் வைத்துக்கொண்டு, அவன் மூச்சைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

தெப்ராவ் தாண்டியதும் கூடைக்குள் பெரிய அமர்க்களம். லாரி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பிறகு அமைதி. அங்கம்மா துணிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். சூடாக ஒரு முட்டை.

ஐயாசாமி கண்ணைத் திறந்தான். "முட்டையா? கொண்டா. புளிச்சோத்துக்கு ஆகும்."

"கையை எடுங்க" என்றாள் அங்கம்மா. மூட்டையை அவிழ்த்து, அரிசிக்குள் அந்த முட்டையைப் பதித்து, கிருஷ்ணம்மா கட்டிய மாதிரியே இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"ஒண்ணு" என்றாள்.